தேர்வுத் திருப்புதலுக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்? உங்கள் கணக்கை நீங்களே போட ஒரு முழு வழிகாட்டி

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்கணும்?" தேர்வு நெருங்கும்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெற்றோரும் கேட்கிறார்கள். ஆளாளுக்கு ஓர் எண்ணைச் சொல்கிறார்கள்: 3, 6, 10. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற பிள்ளை நான்காவது நாளே சோர்ந்துபோவதைப் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். எண்ணில் பெரிய தப்பு ஒன்றும் இருக்காது. ஆனால் அது வேறு யாருக்கோ பொருந்திய எண்.

உங்களுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். சில மாலைகளின் வேலைதான், பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும். கீழே சொல்லும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் விவரம் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

கணக்குப் போடும்வரை கைக்கு ஓர் எண் வேண்டும் என்பவர்களுக்கு, நான் சொல்வது இது. 11, 12 வயதுப் பிள்ளைக்குப் பள்ளி நாளில் 1 மணி நேரம் போதும். 13 முதல் 15 வயது வரை ஒன்றரை முதல் 2 மணி நேரம். 16 முதல் 18 வரை 2 முதல் 3 மணி நேரம். விடுமுறை நாளில் இதைப்போல் இரண்டு மடங்கு வைக்கலாம். பெரிய பிள்ளைகளே ஆனாலும் 6 மணி நேரத்துக்கு மேல் வைத்த திட்டம் ஒரு வாரத்துக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. ஆண்டுத் தேர்வு என்றால் 6 முதல் 8 வாரம் முன்பும், சிறிய தேர்வு என்றால் 2, 3 வாரம் முன்பும் தொடங்குங்கள். வீட்டுப்பாடம் இந்த நேரத்தில் சேராது, அது தனி.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

தேர்வுக்கான பாடத்திட்டம், அதாவது எந்தப் பாடம் உண்டு, எது இல்லை என்ற பட்டியல். தேர்வு அட்டவணை. ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தது இரண்டு பழைய வினாத்தாள், முடிந்தால் விடைக்குறிப்போடு. ஒரு நோட்டு, மூன்று நிறப் பேனா, பெரிய கட்டங்கள் உள்ள நாள்காட்டி, ஒரு கடிகாரம். கைப்பேசியைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். மணி பார்க்க எடுத்தால் வேறு எதையோ பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்போம்.

இவற்றைத் தேடி எடுப்பதைத் தனி வேலையாக, ஒரு நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். திருப்புதலின் முதல் நாள் முழுவதும் வினாத்தாள் தேடியே போய்விட்டால், "இன்று முழுக்கப் படித்தேன்" என்ற நினைப்பு வரும், உள்ளே ஒன்றும் போயிருக்காது.

2. பாடங்களை எண்ணுங்கள்

"அறிவியல் நிறைய இருக்கு" என்பதை வைத்துக் கணக்குப் போட முடியாது. "அறிவியலில் 18 பாடம்" என்றால் போடலாம். ஆகவே ஒவ்வொரு பாடத்தின் கீழும் உள்ள அத்தியாயங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மிக நீளமான அத்தியாயத்தை இரண்டாக உடைத்து எழுதலாம். மொழிப்பாடத்தில் இலக்கணம், கட்டுரை, கடிதம் எல்லாம் தனித்தனி வரியில் வரட்டும். அவற்றை எழுத மறந்து, கடைசி வாரத்தில் நினைவு வந்து பதறுவது அடிக்கடி நடக்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு மாணவியின் கணக்கைத் தொடர்ந்து போட்டுக் காட்டுகிறேன். அவளுக்குக் கணிதத்தில் 10, அறிவியலில் 18, வரலாறும் புவியியலும் சேர்த்து 20, இரண்டு மொழிகளும் சேர்த்து 16. மொத்தம் 64 வரி.

3. புத்தகத்தைத் திறக்காமல் நிறம் போடுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இதுதான், ஆனால் கணக்கின் முதுகெலும்பே இதுதான் என்பேன். ஒவ்வொரு வரிக்கும் 3 நிமிடம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் பாடத்தில் நினைவில் இருப்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள், அல்லது பாடத்தின் கடைசியில் உள்ள கேள்விகளில் இரண்டுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். கணிதம் என்றால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தடுமாறாமல் வந்தால் பச்சை. பாதி வந்து பாதி குழம்பினால் மஞ்சள். தலைப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை என்றால் சிவப்பு. 64 வரிக்கு இது 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும், இரண்டு மாலைகளாகப் பிரித்துச் செய்யலாம்.

ஏன் புத்தகத்தை மூடியே செய்ய வேண்டும்? திறந்து பார்த்தால் எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். பக்கத்தில் படம் எங்கே இருந்தது, எந்த வரிக்கு அடிக்கோடு போட்டோம் என்பது வரை தெரியும். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, எதையும் பார்க்காமல் எடுத்து எழுதுவது வேறு. தேர்வில் கேட்பது இரண்டாவதைத்தான்.

இங்கே நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிடித்த பாடத்துக்குத் தாராளமாகவும் பிடிக்காத பாடத்துக்குக் கடுமையாகவும் நிறம் போடுகிறார்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு படி கீழே போடுங்கள், பச்சையா மஞ்சளா என்றால் மஞ்சள். தவறிப் போட்டால் கொஞ்சம் நேரம்தான் கூடுதலாகப் போகும், பச்சை என்று ஏமாந்தால் மதிப்பெண் போகும்.

நம் மாணவிக்கு வந்தது: பச்சை 24, மஞ்சள் 28, சிவப்பு 12.

4. ஒரு பாடத்துக்கு எவ்வளவு நேரம் என்று அளந்து பாருங்கள்

ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். ஒரு பச்சை, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு என மூன்று பாடங்களை எடுத்து, கீழே 8-ஆம் படியில் சொல்லும் முறையில் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். நடுவில் எழுந்து போன நேரத்தைக் கழித்துவிடுங்கள்.

அளக்கச் சொல்வதற்குக் காரணம், நம் எல்லோருக்குமே ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் இருக்கிறது. "அரை மணியில் முடிச்சிடுவேன்" என்று சொல்லித் தொடங்கிய மஞ்சள் பாடம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். இந்தப் பிழை 60 பாடத்தில் சேர்ந்தால் திட்டமே குலைந்துவிடும்.

நம் மாணவிக்குப் பச்சைப் பாடம் அரை மணி நேரம், மஞ்சள் 1 மணி நேரம், சிவப்பு 2 மணி நேரம் பிடித்தது. உங்களுக்கு வேறாக இருக்கும், வேறாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்து இருக்கைப் பிள்ளையின் வேகத்தோடு ஒப்பிட வேண்டாம்.

சிவப்புப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, படித்து மறந்துபோனது. மற்றொன்று, வகுப்பில் நடந்தபோதே புரியாமல் போனது. முதல் வகையைத் திருப்பலாம். இரண்டாவதைத் திருப்பவே முடியாது, அதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். ஆசிரியரிடமோ, அந்தப் பாடம் தெரிந்த நண்பரிடமோ அரை மணி நேரம் கேட்டுவிட்டு வந்தால், தனியாக உட்கார்ந்து மூன்று மாலை போராடுவது மிச்சமாகும். கேட்கத் தயங்கியே முழு அத்தியாயத்தை விட்டுவிடும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள், அப்போது ஆசிரியருக்கும் நேரம் இருக்கும்.

5. பெருக்கிக் கூட்டுங்கள்

முதல் சுற்று: பச்சை 24 × அரை மணி = 12 மணி நேரம். மஞ்சள் 28 × 1 = 28. சிவப்பு 12 × 2 = 24. மொத்தம் 64 மணி நேரம்.

ஒரு தடவை திருப்பினால் நிற்காது, மறுபடி வர வேண்டும். இரண்டாம் சுற்று முதல் சுற்றில் பாதி நேரத்தில் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 32. மூன்றாவது அதிலும் பாதி: 16. மூன்றும் சேர்த்து 112 மணி நேரம்.

பழைய வினாத்தாள்: 5 பாடத்துக்கும் (கணிதம், அறிவியல், வரலாறும் புவியியலும் சேர்ந்து ஒன்று, இரண்டு மொழிகள்) இரண்டிரண்டு, ஒவ்வொன்றுக்கும் எழுத 3 மணி நேரம், திருத்த 1 மணி நேரம். 10 × 4 = 40. இதுவரை 152.

இதோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், சுமார் 30 மணி நேரம். காய்ச்சல் வரும், வீட்டில் விசேஷம் வரும், ஒரு பாடம் நினைத்ததை விட இழுக்கும். இந்த உபரி இல்லாத திட்டம் முதல் தடங்கலிலேயே உடையும், உடைந்ததும் "இனிமேல் முடியாது" என்று மொத்தமாகக் கைவிடத் தோன்றும்.

ஆக 182 மணி நேரம். பெரிய எண்தான். மிரள வேண்டாம், அடுத்த படியைப் பாருங்கள்.

6. கையில் இருக்கும் நேரத்தை எண்ணி, இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்

ஒரு சாதாரண பள்ளி நாளை எடுங்கள். பள்ளி, போய்வரும் நேரம், சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம், விளையாட்டு, தூக்கம் எல்லாவற்றையும் முதலில் எழுதுங்கள். மிஞ்சுவதுதான் திருப்புதல் நேரம். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். படிப்பை 5 மணி நேரம் என்று எழுதிவிட்டு மற்றதை இடுக்கில் செருகுகிறார்கள். அப்போது முதலில் வெட்டு விழுவது தூக்கத்துக்குத்தான்.

தூக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. பகலில் படித்தது நினைவில் உறுதிப்படுவதே தூக்கத்தில்தான். இரவு 1 மணி வரை விழித்துச் சேர்த்த 2 மணி நேரத்தை, மறுநாள் வகுப்பில் கண் சொருகியே இழந்துவிடுவீர்கள்.

நம் மாணவிக்குப் பள்ளி நாளில் 2 மணி நேரம், வார இறுதியில் நாளைக்கு 5 மணி நேரம் கிடைத்தது. வாரத்துக்கு 10 + 10 = 20. 8 வாரத்துக்கு 160. தேவை 182, இருப்பது 160. 22 மணி நேரம் குறைகிறது.

குறைந்தால் என்ன செய்வது? முதல் வழி, ஒரு வாரம் முன்னதாகத் தொடங்குவது. நாள் இருந்தால் இதுதான் நல்லது. நாள் இல்லையென்றால் வேலையை வெட்ட வேண்டும், அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பச்சைப் பாடங்களின் இரண்டாம் சுற்று போகட்டும், தெரிந்ததற்கு ஒரு முதல் சுற்றும் கடைசியில் ஒரு பார்வையும் போதும். அதில் 6 மணி நேரம் மிச்சம். அடுத்து, வலுவாக இருக்கும் மூன்று பாடங்களுக்கு இரண்டு வினாத்தாளுக்குப் பதில் ஒன்று. அதில் 12 மணி நேரம் மிச்சம். இப்போது 152 − 18 = 134, உபரியாக ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 161. கணக்கு சரியாகிவிட்டது.

இரண்டே வாரம்தான் இருக்கிறது என்று வருபவர்களும் உண்டு. அவர்களும் இதே கணக்கைப் போட வேண்டும், வெட்டு மட்டும் ஆழமாக இருக்கும். மஞ்சளிலிருந்து தொடங்குங்கள். செலவிடும் மணிக்கு அதிக மதிப்பெண் திரும்பி வருவது மஞ்சளில்தான், ஏனென்றால் பாதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சிவப்பில் வினாத்தாளில் திரும்பத் திரும்ப வருகிற பகுதிகளை மட்டும் எடுங்கள். பச்சைக்குக் கடைசி நாள் பார்வை போதும். வினாத்தாள் எழுதுவதை மட்டும் முழுதாக விட்டுவிடாதீர்கள், பாடத்துக்கு ஒன்றாவது எழுதுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், ஆனால் எண்ணை நீங்கள் எழுதாதீர்கள். தானே அளந்து தானே எழுதிய 2 மணி நேரத்துக்குப் பிள்ளை கட்டுப்படுகிறது. நீங்கள் கொடுத்த 4 மணி நேரத்தில் பாதியை மேசையில் கனவு கண்டபடி கழித்துவிடும்.

7. நாள்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

தேர்வு தேதிகளை முதலில் குறியுங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரத்தை மூன்றாம் சுற்றுக்கு ஒதுக்குங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் இரண்டாம் சுற்றும் வினாத்தாளும் கலந்து வரட்டும். மீதி நாட்கள் எல்லாம் முதல் சுற்றுக்கு. முன்னாலிருந்து நிரப்பினால் முதல் சுற்றே தேர்வு வரை நீண்டுகொண்டு போகும், திரும்பிப் பார்க்க நாளே இருக்காது.

முதல் சுற்றில் சிவப்பை முன்னால் வையுங்கள், சந்தேகம் கேட்க அவகாசம் கிடைக்கும். ஆனால் ஒரு நாள் முழுக்கச் சிவப்பாக வைக்காதீர்கள், அது ஆளைச் சோர்வடையச் செய்துவிடும். ஒரு சிவப்பு, பின்னால் ஒரு பச்சை என்று வைத்தால் மனது தாங்கும்.

ஒரே பாடத்தை ஒரு வாரம் முழுக்கப் படித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் திட்டம் பார்க்க ஒழுங்காக இருக்கும். நான்காவது வாரம் வரும்போது முதல் வாரப் பாடம் காற்றில் போயிருக்கும். தினமும் இரண்டு வேறு பாடங்களைத் தொடுங்கள். ஒரே பாடத்தின் இரண்டு சுற்றுகளுக்கு இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பதை 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து அளந்து பார்த்தது. ஒரு வாரம் கழித்துச் சோதனை என்றால் சுமார் 1 நாள் இடைவெளியும், 35 நாள் கழித்து என்றால் சுமார் 11 நாள் இடைவெளியும் நல்ல பலன் தந்தன. அதாவது தேர்வு தள்ளி இருந்தால் இடைவெளியும் பெரிதாக இருக்கலாம். இரண்டாவது முறை வரும்போது கொஞ்சம் மறந்திருப்பது நல்லதுதான், முயன்று நினைவுக்குக் கொண்டுவரும் வேலைதான் அதைப் பதிய வைக்கிறது.

வாரத்தில் ஒரு மாலையை எழுதாமல் காலியாக விடுங்கள். முன்பு சேர்த்த உபரி நேரத்தில் கொஞ்சம் இங்கே உட்காரும். வாரம் தடங்கலில்லாமல் போனால் அந்த மாலை உங்களுக்குச் சொந்தம்.

8. ஒரு மணி நேரத்துக்குள் என்ன செய்வது

இங்கே தவறினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண். நாளைக்கு 6 மணி நேரம் உட்கார்ந்தும் மதிப்பெண் ஏறாத பிள்ளைகளின் மேசையைப் போய்ப் பார்த்திருக்கிறேன். 5 மணி நேரம் வாசிப்பிலும், வண்ணப் பேனாவால் கோடு போடுவதிலும், அழகான குறிப்பைப் பார்த்து இன்னொரு அழகான குறிப்பு எழுதுவதிலும் போயிருக்கும். உழைப்பில் குறை சொல்ல முடியாது. அதனால்தான் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நான் சொல்லும் பங்கீடு இது. முதல் 5 நிமிடம், நேற்று படித்ததை மூடிய புத்தகத்தோடு நினைவுபடுத்துங்கள். அடுத்த 10 நிமிடம், இன்றைய பாடத்தில் தெரிந்ததை எழுதுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு 15 நிமிடம் புத்தகம் திறந்து, விட்டுப்போனதை மட்டும் தேடி வாசியுங்கள். அப்புறம் 25 நிமிடம் மறுபடி மூடி, கேள்விகளுக்கு எழுதியோ உரக்கச் சொல்லியோ பதில். கடைசி 5 நிமிடம், தவறியவற்றைப் பிழை நோட்டில் ஒரு வரியாகக் குறிப்பது. ஆக 60 நிமிடத்தில் புத்தகம் திறந்திருப்பது 15 நிமிடம்தான்.

தொடக்கத்தில் எல்லோருமே இதை வெறுப்பார்கள். வாசிக்கும்போது சரளமாகப் போகும், மூடி எழுதினால் தடுமாறும், அதனால் வாசிப்பதுதான் பலன் தருகிறது என்று தோன்றும். இந்த உணர்வு ஏமாற்றக்கூடியது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் சிறு பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு முறை படித்ததும், சிலருக்கு மறுபடி வாசிக்க நேரம் கொடுத்தார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்கள் 81 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது: வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. படித்த அன்றே கேட்டால் வாசிப்பு வெல்கிறது. தேர்வு அன்றைக்கா நடக்கிறது?

கணிதத்துக்கு மேலே சொன்ன பங்கீட்டைக் கொஞ்சம் மாற்றுங்கள். தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்துத் தலையசைப்பது திருப்புதல் ஆகாது. ஒரே பயிற்சியில் வரிசையாக 15 கணக்கு போடுவதும் பெரிதாக உதவாது, ஏனென்றால் எந்தச் சூத்திரம் என்று முதல் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. மூன்று வேறு பாடங்களிலிருந்து ஐந்தைந்து கணக்குகளைக் கலந்து போடுங்கள். வினாத்தாள் எந்தப் பாடத்துக் கணக்கு என்று சொல்லித் தராது, அதைக் கண்டுபிடிப்பதற்கும் பயிற்சி வேண்டும்.

இடைவேளை: 25 நிமிடத்துக்கு 5 நிமிடமோ, 50 நிமிடத்துக்கு 10 நிமிடமோ, உங்களுக்கு எது பொருந்துகிறதோ அது. எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். 5 நிமிட இடைவேளையில் கையில் எடுத்த கைப்பேசியை 5 நிமிடத்தில் கீழே வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

9. வினாத்தாளை எப்போது, எப்படி எழுதுவது

"எல்லாத்தையும் முடிச்சிட்டு எழுதறேன்" என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே பெரிய தவறு. எல்லாமும் முடிவதே இல்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே முதல் வினாத்தாளை எழுதுங்கள். மதிப்பெண் குறையும், குறையட்டும். எங்கே குறைகிறது என்று தெரிந்தால்தான் மீதி நேரத்தை எங்கே போடுவது என்று தெரியும்.

முழு நேரம், ஒரே இருப்பு, புத்தகம் மூடி. முன்னதாக ஒரு சின்னக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். 180 நிமிடம், 100 மதிப்பெண் என்றால் சரிபார்க்க 15 நிமிடம் எடுத்து வைத்துவிட்டு, மீதி 165 நிமிடத்தை 100-ஆல் வகுங்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம். 5 மதிப்பெண் கேள்விக்குச் சுமார் 8 நிமிடம். தெரிந்த கேள்விக்கு 20 நிமிடம் எழுதிவிட்டுக் கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு வரும் நல்ல மாணவர்கள் ஏராளம்.

திருத்தும்போது ஒவ்வொரு இழப்புக்கும் காரணம் எழுதுங்கள்: தெரியாதது, தெரிந்தும் தவறியது, நேரம் போதாதது. முதல் வகைக்குப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது வகைக்குக் கேள்வியை இருமுறை வாசிக்கவும் அலகுகளைச் சரிபார்க்கவும் பழக வேண்டும், அந்தப் பாடத்தை மீண்டும் முழுக்கப் படிப்பது நேர விரயம். மூன்றாவது வகைக்கு வேகமாக எழுதும் பயிற்சி வேண்டும். காரணம் பார்க்காமல் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், எழுதிய 3 மணி நேரத்தில் பாதிப் பலன் போய்விடும்.

10. வாரம் ஒருமுறை கணக்கைத் திருத்துங்கள்

வார இறுதியில் 15 நிமிடம் போதும். திட்டமிட்டது எத்தனை மணி நேரம், நடந்தது எத்தனை, எத்தனை சிவப்பு மஞ்சளாகியிருக்கிறது, எத்தனை மஞ்சள் பச்சையாகியிருக்கிறது. நிறத்தை மாற்றும் முன் மறுபடி 3 நிமிடச் சோதனை, "படிச்சாச்சு" என்பதற்காக மட்டும் மாற்றக் கூடாது.

20 திட்டமிட்டு 14 நடந்திருந்தால், அடுத்த வாரத்துக்கு 26 என்று எழுதாதீர்கள். 14 நடந்தவருக்கு 26 நடக்காது. 15 என்று எழுதுங்கள், 6-ஆம் படிக்குத் திரும்பிப் போய் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். நடக்கக்கூடிய சிறிய திட்டம் நாளைக்கும் நடக்கும்.

மணி நேரம் சரியாக நடந்தும் நிறமே மாறவில்லை என்றால், மணியைக் கூட்ட வேண்டாம், 8-ஆம் படியைச் சரிபாருங்கள். பெரும்பாலும் புத்தகம் திறந்தே இருந்திருக்கும்.

11. கடைசி வாரமும் கடைசி இரவும்

கடைசி வாரத்தில் புதுச் சிவப்புப் பாடம் எதையும் தொடங்க வேண்டாம். பிழை நோட்டு, சூத்திரங்கள், படங்கள், மஞ்சளாகவே நின்றுவிட்டவை, இவ்வளவுதான். ஒரு பாடத்துக்கு 10, 15 நிமிடம் மூடிய புத்தகத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

முந்தைய நாள் 2, 3 மணி நேரம் போதும், மாலைக்குள் முடித்துவிடுங்கள். இரவில் பேனா, நுழைவுச்சீட்டு, அளவுகோல் எடுத்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கம் வராமல் பயமாக இருந்தால் பிழை நோட்டை ஒருமுறை புரட்டலாம், ஏற்கெனவே தெரிந்துகொண்டுவிட்ட பிழைகள் அவை, பார்த்தால் தெம்பு வரும். புதிய பாடத்தைத் திறந்தால் "இதுவும் தெரியலையே" என்று பயம்தான் கூடும். மாலைக்கு மேல் காபி வேண்டாம், அதன் வேகம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

12. தேர்வுகளுக்கு நடுவில் இருக்கும் நாட்கள்

ஒரு தேர்வு முடிந்து வந்ததும் அந்த வினாத்தாளை உட்கார்ந்து அலசாதீர்கள். எழுதியதை மாற்ற முடியாது, அடுத்த பாடத்துக்கு வேண்டிய மாலை போய்விடும். ஒரு மணி நேரம் ஓய்வு, பிறகு அடுத்த பாடத்தின் நிறப் பட்டியலை எடுங்கள். நடுவில் ஒரே நாள் இருந்தால் காலையில் மஞ்சள், மதியம் பிழை நோட்டு, மாலையில் பச்சையை வேகமாக ஒரு பார்வை.

எல்லாத் தேர்வும் முடிந்த பிறகு அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு மஞ்சள் பாடம் எத்தனை நிமிடம், வாரத்தில் உண்மையில் எத்தனை மணி நேரம் நடந்தது என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கின்றன. அடுத்த தேர்வுக்கு 4-ஆம் படியை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்காது.